பாடாமல் நிற்கவும் எங்களுக்குத் தெரியும்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் உனக்கு வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது. இரும்பு மடக்கு நாற்காலியில் பெரிய வீட்டுச் சின்னவர். வாசற்படியில், செருப்புகளுக்குக் காவல் போல, அவருடைய டிரைவர். ஆராதனை முடிந்து அப்படியே வந்துவிட்ட போதகர் ஐயா பெஞ்சில். அதே பெஞ்சின் மறுகோடியில், துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உன் தாய்மாமன். அடுப்படி வாசலில் உன் அக்கா கிரேஸ். காப்பித் தம்ளர்களோடு நான். சுவரில், படமாக, உன் அப்பா. இவ்வளவு பேர்தான். வேறு யாரும் இல்லை.

சின்னவர் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை எல்லாம் வைத்து ஒரு தட்டுக் கொண்டுவந்திருந்தார். "வாங்கிக்கோம்மா. உம் பையன் பூனாவுலேந்து எனக்கு லெட்டர் போட்டுக்கிறான். ரிசப்ஷனுக்கு நீங்கதான் தலைமை தாங்கணும், பத்திரிகையில மொத பேரு உங்க பேருதான்னு எழுதிக்கிறான். எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்ச்சு" என்றார். தட்டை உன் மாமன்தான் எழுந்து வாங்கினான். "ட்ரெயினிங் முட்ச்சி வரட்டும், பர்மனெண்டு பண்ணிட்லாம். மறைமலை நகர்ல அந்தக் கம்பெனிக்கு ஆள் வுடறதே நான்தானே" என்று அவர் சொல்ல, மாமன் "உங்களுக்கு நல்ல மன்சுங்க" என்றான். நான் உன் அப்பா படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சின்னவரும் பார்ப்பார் என்று பார்க்கவில்லை. அவர் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, "பழசையெல்லாம் மனசுல வச்சிக்காத. அதெல்லாம் எங்கப்பா காலம், நான் அப்ப சின்னப் பையன். இன்னா சொல்ற நீ?" என்று கேட்டார்.

இன்னா சொல்ற நீ. அந்த வீட்டு ஆள் ஒருவர் என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. "எம் பையனுக்கு எழுதிட்டுச் சொல்றேங்க" என்றேன். அவர் காரில் போய் உட்கார்ந்த பிறகு, தம்ளரைக் கொடுக்க வந்த டிரைவர் கிரேஸிடம், "எங்க போனாலும் இவருக்கு 'சரிங்க'ன்னுதான் சொல்லுவாங்கோ. எழுதிட்டுச் சொல்றேன்னு ஒரு அம்மா சொல்லி இப்பத்தான் கேக்கறேன்" என்றானாம். அவர் கேட்டதற்கு நான் சொல்லப் போகும் பதில்தான் இந்தக் கடிதம். உன்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லக் கூடாது என்பதால் முதலில் உனக்கு.

நீ எனக்குப் போட்ட கடிதத்தில் பூனாவின் குளிர் இருந்தது, சப்பாத்தி இருந்தது, எஸ்தருக்குக் கல்யாணப் புடவை எந்த நிறத்தில் எடுப்பது என்பது இருந்தது. சின்னவருக்கு எழுதியது மட்டும் இல்லை. உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கழனி போன அந்த ஆடி மாதத்தில் நீ தவழ்ந்து எழுந்து நடக்கிற பிள்ளை. உனக்கு நான் "நிலத்தைப் புடுங்கிட்டாங்க" என்று ஒரு வரியில் சொல்லித்தான் வளர்த்தேன். முழுதாகச் சொன்னால் நீ பள்ளிக்கூடத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சண்டைக்குப் போவாய் என்று பயம். இப்போது நீ சண்டைக்குப் போகிற வயதில் இல்லை, பத்திரிகை அடிக்கிற வயதில் இருக்கிறாய். கேள்.

மிஸ்ஸம்மாவை உனக்கு ஞாபகம் இருக்காது. வாலாஜாபாத் ரோட்டில் மிஷன் டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் நம் பெண்கள் சங்கத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க சைக்கிளில் வருவார். பள்ளிக்கூடம் பார்க்காத நான் எழுத்துக் கூட்டினது அவர் கொடுத்த பாட்டுப் புத்தகத்தை வைத்துத்தான். 'இங்கிலீஷ்கார அம்மா' என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். "நான் இங்கிலாந்து தேசத்தாள் அல்ல. வேல்ஸ் தேசத்தாள்" என்பார், அச்சடித்த புத்தகம் வாய் திறந்து பேசுவது மாதிரி. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, எல்லாரும் வெள்ளையாத்தானே கீறீங்கோ" என்று சங்கத்து ரூத்தம்மாள் கேட்டாள். "ஒன்று என்று சொல்லித்தானே எங்கள் பாட்டன்மார் நிலத்துக்கு அவர்கள் எஜமான் ஆனார்கள்" என்றார் மிஸ்ஸம்மா. நாங்கள் அதற்குப் பிறகு அவரை இங்கிலீஷ்காரி என்று சொன்னதே இல்லை.

ஐம்பத்தேழாம் வருஷத்து எலெக்‌ஷனுக்கு முந்தின வாரம், பாட்டு முடிந்ததும் அவர் தன் தாத்தா கதையைச் சொன்னார். விக்டோரியா ராணி காலம். ஓட்டையாய்ப் போன அந்த ராணி தலைக் காசு ஒன்று நம் வீட்டிலும் கிடந்ததால் எனக்கு அது ரொம்பத் தூரமாகத் தெரியவில்லை. தாத்தா மலைச்சரிவில் ஆடு வளர்த்து, ஓட்ஸ் என்கிற தானியம் பயிர் வைத்தவர். நிலம் ஜமீன்தாருடையது. ஜமீன்தார் பேசுவது இங்கிலீஷ், போவது சர்க்கார் கோயில். குடியானவர்கள் பேசுவது வேல்ஸ் பாஷை, கூடுவது தாங்களே கல் சுமந்து கட்டின சிறு ஜெப வீடு. கார்த்திகை வாக்கில் எலெக்‌ஷன் வந்தது. அந்தக் காலத்தில் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. மேடை முன்னால் போய் நின்று, யாருக்கு ஓட்டு என்று ஊர் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சர்க்கார் குமாஸ்தா எழுதிக்கொள்வார். பக்கத்தில் ஜமீன் காரியஸ்தர் உட்கார்ந்து அவரும் எழுதிக்கொள்வார். தாத்தா, ஜமீன்தார் சொன்ன பெயரைச் சொல்லாமல், ஜெப வீட்டார் நிறுத்தின ஆளின் பெயரைச் சொன்னார். கூட்டம் தொப்பியைத் தூக்கி எறிந்து ஆரவாரம் செய்ததாம். மார்கழிக் குளிரில் நோட்டீஸ் வந்தது. பங்குனியில் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். மிஸ்ஸம்மாவின் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. மடியில் சுவர்க் கடியாரத்தை வைத்துக்கொண்டு வண்டியில் போனாராம். அவர்கள் வீட்டில் மட்டும் இல்லை, அந்தச் சீமை முழுக்க அப்படி எத்தனையோ குடும்பங்கள். "அவர்கள் வீடு இழந்தபடியால்தான் பிற்பாடு இரகசிய ஓட்டு என்று சட்டம் வந்தது. உங்களுக்கு அடுத்த வாரம் ஒரு திரை தொங்கும். அதற்குள்ளே கர்த்தரும் நீங்களும் மாத்திரம்" என்று முடித்தார்.

உன் அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தவர், ஜன்னலுக்கு வெளியே நின்று முழுவதும் கேட்டார். திரையையும் கேட்டார், சட்டத்தையும் கேட்டார். மனதில் தங்கினது தொப்பிகள்தான். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வது நமக்குச் சோறு மாதிரி. வாய்விட்டுச் சொல்லாத விசுவாசம் விசுவாசமா என்று கேட்டே வளர்ந்தவர் உன் அப்பா. வீட்டுக்கு வருகிற வழியில் ஏரிக்கரை மேல் நின்று, "இன்னா தெய்ரியம் பாரு அந்த ஆளுக்கு! எஜமான் மூஞ்சிக்கு நேரா சொல்லிக்கிறாரு" என்றார். "புள்ளைங்களுக்கு யாரு சோறு போட்டாங்கோ?" என்று நான் கேட்டேன். "நீ ஒருத்தி" என்று நடந்துவிட்டார்.

ஓட்டுப் போடுகிற அன்று பள்ளிக்கூடத்தில் கோணிப் படுதா கட்டியிருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி, பெட்டி மேல் படம். எந்தப் பெட்டி எந்தக் கட்சி என்பது இப்போது வேண்டாம், இன்றைக்கு எல்லாரும் எங்கெங்கோ இருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். சின்னவருடைய அப்பா. உன் அப்பாவைப் போல அவர் கழனியை வாரத்துக்கு உழுகிறவன் வெளியே வந்தால், "எந்தப் பொட்டிடா?" என்பார். "உங்க பொட்டிதாங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். உன் மாமனும் சொன்னான். அவன் எதில் போட்டான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உன் அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். "உங்க பொட்டியில போடலீங்க. பக்கத்துப் பொட்டியில போட்டேன். பொய் சொல்றது பாவங்க" என்றார். தொப்பி எறிய அங்கே யாருக்கும் தொப்பி இல்லை. யாரோ ஒருவன் சிரித்தான். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாவ புண்ணியம் பாக்கறவனுக்குக் கழனி எதுக்குடா? கோயில் மணி அடிச்சிகினு இரு" என்றார்.

நான் உன் அப்பா பின்னாலேயே வந்தேன், அதே பெட்டியில் போட்டுவிட்டு. என்னைப் பெரியவர் கேட்கவே இல்லை. வண்டிக்குப் பின்னால் கட்டின ஆட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இத்தனை வருஷமாக அரிசி களைகிறபோதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை சொன்னது மறு தடவை வராது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

ஆடியில் விதைநெல் ஊறி, பானைக்குள் முளை கட்டியிருந்தது. அன்று காலை ஆள் வந்து, விதை விடாதே என்றான். உன் அப்பா நம்பாமல் கழனிக்கு ஓடினார், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். வேறு ஒருவன் ஏர் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலேஜ் லீவுக்கு வந்த சின்னவர் நின்றிருந்தார். "இந்த மூலையும் வுடாத, ஓட்டு" என்று ஏர்க்காரனுக்குக் கை காட்டினார். உன் அப்பாவைப் பார்த்து, "இன்னாபா, சாட்சி சொல்ல வந்தியா?" என்று கேட்டார். 'நான் அப்ப சின்னப் பையன்' என்று ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உட்கார்ந்து சொன்னாரே, அந்தச் சின்னப் பையன் இவர்தான். முளை கட்டின நெல்லை மாட்டுக்கு வைத்தோம். பிறகு மாட்டையும் விற்றோம். உன் அப்பா பல்லாவரத்துப் பக்கம் கல் உடைக்கப் போய், அந்தத் தூசியிலேயே இருமி இருமி, நீ மூன்றாம் வகுப்புப் படிக்கிறபோது போய்ச் சேர்ந்தார். அந்த நடுவில் நாம் சாப்பிட்டது உன் மாமன் வீட்டு நெல். அவன் பொய் சொல்லிக் காப்பாற்றின கழனியில் விளைந்த நெல். அவன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அந்தக் கோணிப் படுதா அவனைப் போன்றவனுக்காகத்தான் தொங்கியது. வேல்ஸ்காரர்கள் வீடு வாசலை விட்டு நமக்கு வாங்கிக் கொடுத்த திரையை, உன் அப்பா வெளியே வந்து, கேட்டவுடனே, சும்மா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கழனி போன செய்தி கேட்டு மிஸ்ஸம்மா வந்தார். பாய் போடுவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் உங்களுக்குப் பாதி வருஷத்தைத்தான் சொன்னேன். மீதியையும் சொல்லாமல் போனது என் குற்றம்" என்று அழுதார். மீதி இதுதான். வீட்டை விட்டுப் போனவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் தொழுவத்திலும் உறவுக்காரர் பரணிலும் இருந்துகொண்டே, ஜெப வீட்டுப் பாடகர் குழுவை விடவில்லை. அந்த ஊரில் வெயில் காலத்தில் பெரிய கூடாரம் போட்டுப் பாட்டுப் போட்டி, கவிதைப் போட்டி எல்லாம் நடக்குமாம், நம் ஊர்த் திருவிழா மாதிரிக் கூட்டமாம். மலை ஏறி இறங்கிப் போய் அதில் பரிசு வாங்கினார்கள். பேர் பரவிவிட்டது. அடுத்த கார்த்திகைக்கு ஜமீன்தார் மகனுக்குக் கல்யாணம். காரியஸ்தரே நேரில் வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கோச்சு வண்டியில் வந்து இறங்கும்போது அரண்மனை வாசலில் நீங்கள் பாட வேண்டும் என்றார். எல்லாரும் உடனே சரி என்றார்கள். காரியஸ்தருக்கே ஆச்சரியம். அன்று ஆண்களும் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வரிசையாக நின்றார்கள், முன்வரிசையில் மிஸ்ஸம்மாவின் பாட்டி. வண்டி வந்து நின்றது. குழுத் தலைவர் கையைத் தூக்கினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் பாட்டு முழுவதற்கும், எல்லாச் சரணத்துக்கும், தாளம் தவறாமல் கையை அசைத்தார். அவர்கள் கண் கொட்டாமல் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் தலை குனிந்து வணங்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். புதுப்பெண் புருஷனைப் பார்த்து, "ஏன் இவர்கள் பாடவில்லை?" என்று கேட்டாளாம்.

"அவன் இன்னா சொன்னான்?" என்று நான் கேட்டேன். "அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்றை அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்றே" என்றார் மிஸ்ஸம்மா. கழனி போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது ராத்திரிச் சாப்பாடு மாதிரி இறங்கியது.

இப்போது புரிகிறதா, கண்ணு? நீ யாரைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று மட்டும் அல்ல, என்னிடம் எதைக் கொடுத்திருக்கிறாய் என்று? நம் ஊரில் தலைமை தாங்க வருகிறவர் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெண்கள் சங்கம் வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும். அந்தச் சங்கத்துக்குக் கை தூக்குகிறவள் உன் அம்மா. போன வியாழக்கிழமை பயிற்சிக்கு நான் பாட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. விஷயத்தையும், மிஸ்ஸம்மா சொன்ன மீதிக் கதையையும் சொன்னேன்.  ரூத்தம்மாள், "வெள்ளைக்காரங்கோ குளிர்ல நின்னாங்கோ, நமக்கு ஃபேன் கீதே" என்றாள். பாடாமல் நிற்பது பாடுவதை விடக் கஷ்டம். முதல் தடவை இரண்டாவது சரணத்தில் ரூத்தம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் மூஞ்சியப் பாக்காதே, சின்னவர் நாற்காலியப் பாரு" என்று அதட்டினேன். மூன்றாம் தடவை கடைசிச் சரணம் வரைக்கும் நின்றார்கள். கோயிலுக்குள் உனக்கும் எஸ்தருக்கும் கூரை அதிரப் பாடுவோம், அதில் ஒரு குறையும் வராது. ரிசப்ஷன் நடக்கப் போகும் பள்ளிக்கூடத்து மேடையில், உன் அப்பா வாயைத் திறந்த அதே கேட்டுக்கு நேராக, வாயை மூடிக்கொண்டு நிற்போம். சின்னவருடைய மனைவி முன்வரிசையில் இருப்பார், மருமகள் இருப்பாள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது கேட்பார்கள். அவர் சொல்லட்டும். சாட்சி சொல்லட்டும்.

போதகர் ஐயா நேற்று வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார். "ஐயா, அவர் மன்னிப்புக் கேக்க வரலியே, நாற்காலி கேக்கத்தானே வந்தாரு" என்றேன். பழி வாங்குவது கர்த்தருடைய வேலை என்றார். அவர் வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை, அவருக்கும் கூலியாள் வேண்டாமா என்று கேட்டேன். ஐயா சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டார். உன் மாமன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "பையன் வேல போய்டும்க்கா" என்றான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. போனால் போகட்டும் என்று நான் எழுத மாட்டேன். வேலை உன்னுடையது, கல் உடைக்கப் போனவரின் பெண்டாட்டி அப்படி எழுதக் கூடாது. சின்னவரைப் பார்த்தால் வணக்கம் சொல். அவர் ஆள் விடுகிற கம்பெனியில் வேலை செய். எந்தப் பெட்டி என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு நட, உன் அப்பா மாதிரி சொல்லிவிடாதே. வயிற்றுக்காக எதை வேண்டுமானாலும் மறைத்து வைத்துக்கொள், நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரை உன் பத்திரிகையின் உச்சியில் அச்சடித்து, ஊருக்கெல்லாம் உன் கையால் கொடுப்பது வயிற்றுக்காக மறைக்கிற காரியம் இல்லை. அது நீயே போய் அந்த வரப்பில் குடை பிடிப்பது.

இன்னொன்று. இதையெல்லாம் எஸ்தரிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. கல்யாணத்தன்று மேடையில் நின்றுகொண்டு, ஏன் உங்கள் அம்மா பாடவில்லை என்று அவள் உன்னைக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதே. புருஷன் சொல்லாததைப் புதுப்பெண் ஊரார் முகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது நல்ல ஆரம்பம் இல்லை.

நான் ஒளித்து எதுவும் செய்யவில்லை. இந்தக் கவரைக்கூட ஒட்டாமல் வைத்திருக்கிறேன். கிரேஸ் படித்துவிட்டாள், மாமனுக்கு வாசித்துக் காட்டினாள். வேறு யார் கேட்டாலும் கொடுப்பேன். சின்னவர் பெயர் இருந்தால் நடக்கப் போவது என்ன என்று உனக்குச் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று நீ முடிவு செய்தால், வேறு பெரிய மனிதரைத் தேடாதே. 'தலைமை' என்று அச்சடித்து, எதிரே ஒன்றும் போடாமல் விடச் சொல்கிறேன். முதல் பத்திரிகையை நானே எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போவேன். அவரை மரியாதையாகக் கூப்பிடுவேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்து முடிக்கிற வரைக்கும் நின்றிருந்து, இன்னா சொல்ற நீ என்று அவர் கேட்டதற்குப் பதில் அதுதான் என்று சொல்லிவிட்டு வருவேன். விருந்துக்கு வந்தால் ஐந்தாம் வரிசையில் இலை போட்டு, வயிறு நிறையப் பரிமாறுவேன். அன்றைக்கு நாங்கள் பாடவும் பாடுவோம்.

வாலாஜாபாத் அச்சகக்காரர் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் இருக்கட்டுமா, வரி காலியாக இருக்கட்டுமா, அதை மட்டும் ஒரு கார்டில் எழுது. சீக்கிரம் பதில் போடு.

அம்மா